இரட்டை கிராஃபிக்ஸ் மடிக்கணினியில் வேலண்ட் அமர்வு பட்டியலிலேயே வருவதில்லை: முடிவெடுப்பது எது?

திருப்பூர்_பிரிண்ட்

வணக்கமுங்க. திருப்பூரில் பின்னலாடைத் துணிகளுக்கு அச்சு டிசைன் வரைந்து கொடுக்கும் சிறிய கூடம் வைத்திருக்கிறேன். இன்டெல் செயலியோடு வரும் உள்ளமைந்த கிராஃபிக்ஸ், தனியாக என்விடியா ஆர்டிஎக்ஸ் 3050 என இரண்டும் உள்ள மடிக்கணினியில் உபுண்டு 24.04 லினக்ஸ் இயங்குகிறது, என்விடியாவின் 550 வரிசை டிரைவரை நிறுவியிருக்கிறேன். அண்மையில் 27 அங்குல 4கே மானிட்டர் ஒன்றை வாங்கி எச்டிஎம்ஐ வழியாக இணைத்தேன். மடிக்கணினியின் திரை 1080பி, 144 ஹெர்ட்ஸ். மானிட்டர் 60 ஹெர்ட்ஸ். இரண்டுக்கும் ஒரே பெருக்க அளவை வைத்தால் 4கே திரையில் மெனு எழுத்துகளைப் படிக்கவே முடிவதில்லை. அதற்கேற்பப் பெருக்கினால் மடிக்கணினித் திரையில் கருவிப்பட்டியே பாதி இடத்தை அடைத்துக்கொள்கிறது. திரைக்குத் திரை வேறு பெருக்கம் வைக்க, எக்ஸ்ஆர்க் என்ற பழைய காட்சி அமைப்புக்கு மாற்றாக வந்த வேலண்டில் திறக்கும் அமர்வுதான் ஏற்றது என்று படித்ததால் அதற்கு மாற விரும்பினேன்.

ஆனால் உள்நுழைவுத் திரையில் பெயரைச் சொடுக்கியதும் வலப்பக்கக் கீழ்மூலையில் தோன்றும் பல்சக்கரக் குறிக்குள் வேலண்ட் என்ற பெயரே இல்லை. ஈடிசி கோப்புறையில், உள்நுழைவுத் திரையை நடத்தும் ஜிடிஎம்3 என்பதன் கீழுள்ள கஸ்டம்.கான்ஃப் கோப்பில் வேலண்டை இயக்கும் வரியை 'ட்ரூ' என்று எழுதி, கணினியை மறுபடி தொடங்கியும் மாற்றமில்லை. இன்டெல் கிராஃபிக்ஸ் மட்டுமே உள்ள என் தம்பியின் மடிக்கணினியில் இதே 24.04 எதையும் கேட்காமல் வேலண்டிலேயே திறக்கிறது. பதிப்பு ஒன்றாக இருக்கும்போது எனக்கு மட்டும் அந்தத் தேர்வை மறைப்பது எது, அதை எங்கே போய்க் கேட்பது என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பீளமேடு_கர்னல்

வணக்கம். பல்சக்கரத்தில் காணும் பட்டியல் ஒரு முடிவின் வெளிப்பாடு மட்டுமே; அந்தத் திரை வருவதற்கு முன்பே முடிவு வேறிடத்தில் எடுக்கப்பட்டுவிடுகிறது. லினக்ஸின் மையக் கருவான கர்னல் என்விடியா டிரைவரை ஏற்றும் தருணத்தில், சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ்வின் விதிக் கோப்பு ஒன்று விழித்துக்கொள்கிறது. யூடெவ் விதிகள் இருக்கும் கோப்புறையில் 61 என்ற எண்ணோடு தொடங்கும் ஜிடிஎம் கோப்பு அது. திறந்து படிக்கலாம், எளிய உரைதான். டிரைவரின் பதிப்பு என்ன, கர்னல் வழியாகத் திரையமைக்கும் மோட்செட் வசதி இயங்குகிறதா, கணினியை உறங்கவைத்து எழுப்பும்போது கிராஃபிக்ஸ் நினைவகத்தைக் காப்பாற்ற ஏற்பாடு உண்டா என்றெல்லாம் அது பார்க்கும். ஜிடிஎம்மின் சில பதிப்புகளில், என்விடியா டிரைவரோடு இரட்டை கிராஃபிக்ஸ் உள்ள மடிக்கணினி என்றாலே வேலண்டை அணைத்துவிடும் வரியும் இருந்தது. இவற்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும், 'வேலண்ட் வேண்டாம்' என்ற தீர்ப்பை ரன் கோப்புறையில் ஜிடிஎம்முக்கான தற்காலிகக் கோப்பில் எழுதிவிடும். கணினியை அணைத்தால் அந்தக் கோப்பு மறைந்து, அடுத்த முறை மீண்டும் எழுதப்படும். நீங்கள் ஈடிசியில் எழுதிய வரி எடுபடாமல் போவது இதனால்தான். உங்கள் தம்பியின் கணினியில் என்விடியா டிரைவரே இல்லை. ஆகவே அந்த விதி அங்கே வாய் திறப்பதில்லை.

இவ்வளவு முன்னெச்சரிக்கைக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. ஃபெடோரா 2016-இல் 25-ஆம் பதிப்பிலேயே வேலண்டை இயல்பு அமர்வாக்கியது. உபுண்டு 17.10-இல் மாறி, 18.04-இல் எக்ஸ்ஆர்குக்கே திரும்பி, 21.04-இல் மறுபடி வேலண்டுக்கு வந்தபோதும் என்விடியா கணினிகளை ஒதுக்கியே வைத்தது. 22.04-இல் அவற்றையும் சேர்க்கத் திட்டமிட்டு, வெளியீட்டுக்குச் சற்று முன்னதாகப் பின்வாங்கினார்கள், 24.10-இல்தான் அது நடந்தது. இன்டெல், ஏஎம்டி டிரைவர்கள் திரைக்கான நினைவகத்தை ஜிபிஎம் என்ற பொது வழியில் ஒதுக்க, என்விடியா தனக்கென வேறு வழியை வைத்திருந்தது. 2021-இல் வந்த 495 வரிசையில்தான் ஜிபிஎம்முக்கு இடம் கொடுத்தது. 24.04 இந்த மாற்றத்தின் நடுவில் வெளியானது. ஆகவே உங்கள் கணினியில் எல்லாம் சரியாக இருந்தாலும் எக்ஸ்ஆர்கே முதலில் திறக்கும். வேலண்ட் இரண்டாவது பெயராகப் பட்டியலில் இருக்கும். அந்த இரண்டாவது பெயரே இல்லை என்பதால், விதியின் நிபந்தனைகளில் ஏதோ ஒன்று தவறியிருக்கிறது என்று கொள்ளலாம்.

மூன்று இடங்களைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். சிஸ் கோப்புறையில் என்விடியா டிஆர்எம் கூறின் மோட்செட் மதிப்பு 'ஒய்' என்று இருக்கிறதா? ப்ராக் கோப்புறையில் என்விடியா டிரைவரின் 'பாராம்ஸ்' கோப்பில் 'பிரிசர்வ் வீடியோ மெமரி அலொகேஷன்ஸ்' என்ற வரி எந்த எண்ணைக் காட்டுகிறது? ரன் கோப்புறையில் ஜிடிஎம்3-இன் தற்காலிகக் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது?

கோபி_இயற்பியல்

நண்பருக்கு ஒரு மாற்றுக் கருத்து. எங்கள் கல்லூரி ஆய்வகத்திலும் இத்தகைய மடிக்கணினிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் எக்ஸ்ஆர்க் அமர்விலேயே விட்டுவைத்திருக்கிறேன். மாணவர்கள் கருத்தரங்குக் கூடத்தில் புரொஜெக்டரை இணைத்தவுடன் படம் வந்தாக வேண்டும்; அதற்கு மேல் ஆராய்ச்சிக்கு அங்கே நேரமில்லை. உபுண்டுவை உருவாக்கியவர்களே எக்ஸ்ஆர்கை முதலில் வைத்திருக்கிறார்கள் என்றால், உழைக்கும் இயந்திரத்தில் அதை மாற்றுவதற்கு வலுவான காரணம் வேண்டும். திரைகளின் பெருக்கம் ஒத்துவராத இடைஞ்சலை, 4கே மானிட்டரையே 1440பி அளவுக்குக் குறைத்து வைத்துச் சமாளிக்க முடியாதா?

திருப்பூர்_பிரிண்ட்

ஐயா, அப்படி வைத்தும் பார்த்தேன். ரோட்டரி அச்சுக்கான டிசைனில், திரும்பத் திரும்ப வரும் வடிவத் துண்டான ரிப்பீட் ஒன்றோடொன்று சேரும் இடத்தை நூறு விழுக்காட்டில் வைத்துச் சோதிப்பது என் வேலை. 4கே திரையை அதன் இயல்பான அளவில் ஓட்டாவிட்டால் மெல்லிய கோடுகள் மங்கிப்போய், இணைப்பில் விழும் வெள்ளைக் கீற்று டிசைனில் உள்ளதா, திரையால் வந்ததா என்று பிரித்தறிய முடிவதில்லை. துணியை வாங்கும் பையர் ஒப்புதல் கொடுத்த பிறகு துணியில் அந்தக் கீற்று தெரிந்தால் நட்டம் என்னுடையது. அதனால்தான் மானிட்டரையே வாங்கினேன்.

பீளமேட்டு அண்ணா கேட்டவை: மோட்செட் 'ஒய்' என்றிருக்கிறது. 'பிரிசர்வ்' வரியில் 0 இருக்கிறது. ரன் கோப்புறையில் உள்ள கோப்பில், டீமன் என்ற தலைப்பின் கீழ் 'வேலண்ட்எனேபிள்' என்பதற்கு நேராக 'ஃபால்ஸ்' என்று ஒரே ஒரு வரி. நான் ஈடிசியில் எழுதியதற்கு நேர் எதிரான வரி இங்கே உட்கார்ந்திருக்கிறது.

பீளமேடு_கர்னல்

அந்த 0-தான் காரணம். மடிக்கணினியை மூடி உறங்கவைக்கும்போது என்விடியா சிப்பின் நினைவகத்துக்கு மின்சாரம் நின்றுவிடும். அதில் இருந்த சாளரப் படங்களும் எழுத்து வடிவங்களும் அழிந்துவிட்டால், எழுந்த பிறகு குப்பை போன்ற வண்ணத் திட்டுகளோ கறுப்புத் திரையோதான் கிடைக்கும். வேலண்டில் திரையைத் தொகுக்கும் நிரலே காட்சிச் சேவையகமாகவும் இருப்பதால், அது குழம்பினால் திறந்திருக்கும் எல்லாச் செயலிகளோடும் சேர்ந்து விழும். இதைத் தவிர்க்கவே ஜிடிஎம் விதி அந்த ஏற்பாட்டைக் கட்டாயமாக்குகிறது.

செய்ய வேண்டியது இது: மோட்புரோப்.டி கோப்புறையில் என்விடியாவுக்கான விருப்ப வரியில், 'என்விரெக்' என்ற முன்னொட்டோடு வரும் அந்தப் 'பிரிசர்வ்' அளவுருவை 1 என்று எழுதுங்கள். அதே வரியில் தற்காலிகக் கோப்பின் இடத்தையும் குறிப்பிட்டு, வார் கோப்புறையின் டெம்ப்பைக் கொடுங்கள். உறங்கும்போது கிராஃபிக்ஸ் நினைவகத்தில் உள்ளவை அங்கேதான் எழுதப்படும். உங்கள் சிப்பில் 4 ஜிபி என்றால் குறைந்தது அவ்வளவு காலியிடம் வட்டில் இருக்க வேண்டும். இடத்தைக் குறிப்பிடாவிட்டால் அது பொதுவான டெம்ப் கோப்புறைக்குப் போகும். சில லினக்ஸ் வெளியீடுகளில் அந்தக் கோப்புறை ரேமிலேயே இருப்பதால், உறங்கப் போகும் நேரத்தில் ரேம் நிரம்பிவிடும். அடுத்து என்விடியா சஸ்பெண்ட், ஹைபர்னேட், ரெஸ்யூம் ஆகிய மூன்று சேவைகளையும், சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் இயக்கிவையுங்கள். விதி அவற்றையும் சரிபார்க்கும். கடைசியாக, தொடக்கத்தில் கர்னலோடு ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்துவிட்டுக் கணினியை மறுபடி தொடங்குங்கள்.

ஈடிசியில் நீங்கள் எழுதிய வரியால் கெடுதல் இல்லை, இருக்கட்டும்.

ஈரோடு_பழுதகம்

இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை என்பது என் எண்ணம். யூடெவ்வின் ஈடிசி கோப்புறையில் அந்த 61-ஆம் எண் கோப்பின் பெயரிலேயே 'நல்' சாதனத்துக்கு ஓர் இணைப்பை வைத்துவிட்டால், மூல விதி முழுவதும் செயலிழந்து, வேலண்ட் உடனே பட்டியலுக்கு வந்துவிடும். கடைக்கு வருகிறவர்களுக்கு நான் செய்துகொடுப்பது பெரும்பாலும் இதைத்தான்.

ஆனால் அதற்கு முன் பார்க்க வேண்டிய ஒன்றை இங்கே யாரும் சொல்லவில்லை. என்விடியா டிரைவர் உண்மையிலேயே ஏறியிருக்கிறதா என்பதை உறுதிசெய்யாமல் அமர்வைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. கடைக்கு வரும் மடிக்கணினிகளில் அடிக்கடி காண்பது இது: கர்னல் புதுப்பிக்கப்பட்டிருக்கும், அதற்கேற்ப டிகேஎம்எஸ் என்ற கருவி டிரைவரைப் புதிதாகக் கட்டியிருக்கும், தொடக்கத்தில் கையொப்பங்களைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் இயங்குவதால், பதிவு செய்யப்படாத கையொப்பம் கொண்ட அந்தக் கூறினைக் கர்னல் ஏற்க மறுத்திருக்கும். டிரைவரை நிறுவியபோது வைத்த கடவுச்சொல்லை, அடுத்து வந்த நீலத் திரையில் கொடுக்காமல் 'தொடர்க' என்று தட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அந்தத் திரை ஒரு முறைதான் கேட்கும். அதன்பிறகு என்விடியா டிரைவரும் ஏறாது. டிரைவர் தொகுப்பு, திறந்தமூல மாற்று டிரைவரான நூவோவைத் தடைப்பட்டியலில் வைத்திருப்பதால் அதுவும் ஏறாது. இன்டெல் மட்டுமே மிஞ்சும். கணினி வேலண்டில் அழகாகத் திறக்கும். எச்டிஎம்ஐ துளை மட்டும் செத்துக்கிடக்கும். 'புதுப்பித்த பிறகு வேலண்ட் தானாகவே வந்துவிட்டது, மானிட்டர்தான் பழுது' என்று மானிட்டரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஆகவே என்விடியா உள்ள கணினியில் வேலண்ட் கேட்காமலே வந்துவிட்டால், நான் முதலில், டிரைவரின் நிலையைக் காட்டும் என்விடியா எஸ்எம்ஐ கட்டளையை ஓட்டிப் பார்ப்பேன்.

உபுண்டுவின் கூடுதல் டிரைவர் சாளரத்தின் வழியாக, ஏற்கெனவே கையொப்பமிட்டுக் கட்டிய கூறுகளை நிறுவிக்கொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

பீளமேடு_கர்னல்

செக்யூர் பூட் பற்றி ஈரோட்டு நண்பர் எழுதியது முக்கியமானது. மோட்செட் 'ஒய்' என்று வந்திருப்பதால், திருப்பூர் நண்பரின் கணினியில் டிரைவர் ஏறியிருப்பது உறுதி.

விதியை முழுவதுமாகச் செயலிழக்க வைப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கடையில் திறந்து பார்க்கும்போது அது வேலை செய்யும். வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய் மூடித் திறக்கும்போதுதான் விளைவு தெரியும். நிபந்தனையை நிறைவேற்றிவிட்டால் விதி தானாகவே ஒதுங்கிக்கொள்ளும்போது, அதன் வாயை அடைப்பது எதற்கு? ஜிடிஎம்மின் அடுத்த பதிப்பு அந்தக் கோப்பில் நல்ல திருத்தம் கொண்டுவந்தாலும், உங்கள் இணைப்பு அதையும் சேர்த்தே மறைத்துவிடும்.

ஈரோடு_பழுதகம்

மடிக்கணினியை உறங்கவைக்காமல் எப்போதும் அணைத்தே வைக்கும் ஆட்கள் எங்கள் ஊரில் நிறைய. இருந்தாலும் சொல்வது நியாயம்; இனி மூன்று சேவைகளையும் இயக்கிக் கொடுத்துப் பார்க்கிறேன். இன்னொன்று: இணையத்தில் உள்ள பழைய வழிகாட்டிகளைப் படித்துவிட்டு, கஸ்டம்.கான்ஃப்பில் 'ஃபால்ஸ்' வரிக்கு முன்னிருக்கும் '#' குறியை நீக்கி, அந்த வரியை இயங்க வைத்திருக்கும் கணினிகளும் வருகின்றன. அங்கே விதிக்கு வேலையே இல்லை. மனிதர் எழுதிய தடையே போதுமானதாக இருக்கிறது.

திருப்பூர்_பிரிண்ட்

பீளமேட்டு அண்ணா சொன்னபடியே செய்தேன். 'பிரிசர்வ்' வரி இப்போது 1 என்று காட்டுகிறது. ரன் கோப்புறையில் இருந்த 'ஃபால்ஸ்' வரி காணவில்லை. பல்சக்கரத்தில் 'உபுண்டு ஆன் வேலண்ட்' வந்துவிட்டது. ஒரு முறை தேர்ந்தெடுத்த பிறகு அதுவே நினைவில் நிற்கிறது. மூடித் திறந்தாலும் திரை ஒழுங்காக எழுகிறது. மடிக்கணினித் திரைக்கு 100 விழுக்காடும் மானிட்டருக்கு 150 விழுக்காடும் வைத்திருக்கிறேன். எழுத்துகள் இரண்டிலும் கூர்மையாக இருக்கின்றன.

ஆனால் இப்போது வேறொரு தொல்லை. மடிக்கணினித் திரையில் சாளரத்தை இழுத்தால் வழுக்கிக்கொண்டு போகிறது; அதே சாளரத்தை 4கே மானிட்டருக்குக் கொண்டுபோனால் திணறித் திணறி நகர்கிறது. இங்க்ஸ்கேப்பில் பெரிய டிசைனை உருட்டும்போது சுட்டிக்குறியே பின்தங்கி வருகிறது. எக்ஸ்ஆர்கில் இப்படி இல்லை. வலிமையான சிப்போடு இணைந்த திரை மெதுவாகவும், எளிய இன்டெல்லோடு இணைந்த திரை வேகமாகவும் இருப்பது எப்படி?

பொள்ளாச்சி_பிளெண்டர்

இந்தக் கேள்விக்காகவே உள்ளே வருகிறேன். சிஸ் கோப்புறையில் 'கிளாஸ்' என்பதன் கீழ் 'டிஆர்எம்' என்ற கோப்புறையைப் பட்டியலிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு இணைப்புத் துளையும் எந்த கார்டுக்குச் சொந்தம் என்பது பெயரிலேயே இருக்கும். 'கார்டு1-இடிபி-1' என்பது மடிக்கணினியின் சொந்தத் திரை. 'கார்டு0-எச்டிஎம்ஐ-ஏ-1' என்பது உங்கள் மானிட்டர். எண்கள் மாறியிருக்கலாம், இரண்டும் வெவ்வேறு கார்டின் கீழ் இருந்தால் விடை கிடைத்துவிட்டது. உங்களுடையதைப் போன்ற பல மடிக்கணினிகளில் உள்திரை இன்டெல்லோடும் எச்டிஎம்ஐ என்விடியாவோடும் கம்பியிலேயே பிணைக்கப்பட்டிருக்கும். மக்ஸ் என்ற மாற்றி இல்லாதவரை மென்பொருளால் அதை மாற்ற முடியாது.

வேலண்ட் அமர்வில், உபுண்டுவின் மேசைச்சூழலான குனோமில் திரையைத் தொகுக்கும் மட்டர், ஒரு கார்டை முதன்மையாக வைத்துக்கொண்டு, இரண்டு திரைகளுக்கும் உரிய படத்தை அதிலேயே வரைகிறது. வேறு அறிவுறுத்தல் இல்லாவிட்டால், கணினி தொடங்கும்போது திரையைக் காட்டிய கார்டே முதன்மையாகும். உங்களிடம் அது இன்டெல். மானிட்டருக்கான ஒவ்வொரு சட்டகத்தையும் இன்டெல் வரைந்து, என்விடியாவின் நினைவகத்துக்குப் படியெடுத்து அனுப்ப, என்விடியா அதை எச்டிஎம்ஐ வழியாக வெளியே தள்ளுகிறது. 3840-ஐ 2160-ஆல் பெருக்கி, ஒரு புள்ளிக்கு 4 பைட் என்று வைத்தால் ஒரு சட்டகம் ஏறத்தாழ 33 எம்பி. நொடிக்கு 60 சட்டகம் என்றால் கிட்டத்தட்ட 2 ஜிபி. வலிமையான சிப் இங்கே வரைவதே இல்லை. தபால்காரர் வேலைதான் பார்க்கிறது. எக்ஸ்ஆர்கில் நீங்கள், எந்தச் சிப் இயங்குவது என்று தேர்ந்தெடுக்கும் பிரைம் செலக்ட்டை 'என்விடியா' என்று வைத்திருந்திருப்பீர்கள். அங்கே வரைவதும் அனுப்புவதும் அதுவே என்பதால் இந்தச் சுமை தெரியவில்லை.

என்விடியாவை முதன்மையாக்கச் சொல்லி மட்டருக்கு ஒரு யூடெவ் அடையாளம் கொடுக்கலாம். ஈடிசியின் யூடெவ் விதிக் கோப்புறையில் ஒரு புதிய கோப்பை உருவாக்கி, என்விடியா கார்டுக்கு 'மட்டர்-டிவைஸ்-பிரிஃபர்டு-பிரைமரி' என்ற டேகைச் சேர்த்தால் போதும். கார்டு0, கார்டு1 என்ற எண்ணை மட்டும் அந்த விதியில் எழுதாதீர்கள். எந்த டிரைவர் முதலில் ஏறுகிறதோ அதற்கே அந்த எண் போகும். என் ஏஎம்டி–என்விடியா மடிக்கணினியில் இவை தொடக்கத்துக்குத் தொடக்கம் இடம் மாறிக்கொண்டே இருந்தன. ஒரு நாள் பிளெண்டர் பறக்கும், மறுநாள் தவழும். எல்எஸ்பிசிஐ கட்டளை காட்டும் பிசிஐ முகவரியை வைத்து எழுதினால் அது மாறாது. குனோமுக்குப் பதிலாகக் கேடிஇ என்ற மேசைச்சூழலைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்த டேக் செல்லாது. அங்கே 'கேவின் டிஆர்எம் டிவைசஸ்' என்ற சூழல் மாறியில் கார்டுகளின் வரிசையைக் கொடுக்க வேண்டும்.

கோபி_இயற்பியல்

பொள்ளாச்சி நண்பரின் விளக்கத்தைப் படித்த பிறகு, எங்கள் கருத்தரங்குக் கூடத்தில் நடப்பது புரிகிறது. பேட்டரியைச் சேமிக்க ஒரு மாணவர் பிரைம் செலக்ட்டை 'இன்டெல்' என்று மாற்றிவைத்துவிட்டு வருவார். என்விடியா முழுவதும் அணைந்துவிடுவதால், அதோடு பிணைந்த எச்டிஎம்ஐ துளையும் போய்விடும். புரொஜெக்டர் 'சிக்னல் இல்லை' என்று நீலத் திரையைக் காட்டும். கம்பியை மாற்றுவார்கள், புரொஜெக்டரை அணைத்துப் போடுவார்கள், கடைசியில் வேறொருவரின் மடிக்கணினியில் பென்டிரைவைச் செருகிப் பேசி முடிப்பார்கள். இப்போது எல்லாவற்றையும், தேவைப்படும்போது என்விடியா இயங்கும் 'ஆன் டிமாண்ட்' நிலையிலேயே வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு ஓர் ஐயம். என்விடியாவை முதன்மையாக்கினால் அது எப்போதும் விழித்தே இருக்கும் அல்லவா? என்விடியாவின் டூரிங் தலைமுறைக்குப் பின் வந்த மடிக்கணினிச் சிப்புகள் வேலையில்லாதபோது முழுவதும் மின்சாரத்தைத் துறந்து உறங்கக்கூடியவை என்று படித்திருக்கிறேன். அந்த வசதியை இழப்பது, அதுவும் சித்திரை வெயிலில், நல்லதாகத் தெரியவில்லை.

பொள்ளாச்சி_பிளெண்டர்

ஆமாங்க ஐயா, விழித்தே இருக்கும். ஆனால் எச்டிஎம்ஐயில் மானிட்டர் இணைந்திருக்கும் வரை, எந்த கார்டு முதன்மையானாலும் என்விடியா உறங்க முடியாது. திரைக்கு அனுப்பும் வேலை அதனுடையது. மேசையில், மின் இணைப்பில், மானிட்டரோடு வேலை செய்கிற திருப்பூர் நண்பருக்கு இந்த டேகால் புதிதாக இழப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. மானிட்டரைக் கழற்றி வெளியே எடுத்துச் செல்லும்போதுதான் வேறுபாடு தெரியும். சிஸ் கோப்புறையில் அந்த பிசிஐ முகவரியின் கீழ் 'பவர்' என்பதற்குள் 'ரன்டைம் ஸ்டேட்டஸ்' கோப்பைப் படித்தால், 'ஆக்டிவ்' அல்லது 'சஸ்பெண்டட்' என்று தெளிவாகச் சொல்லிவிடும்.

உங்கள் கல்லூரி மடிக்கணினிகளுக்கு இந்த டேக் தேவையில்லை. சாதாரண புரொஜெக்டரின் சட்டகம் சிறியது. படியெடுத்து அனுப்புவதில் தாமதம் கண்ணுக்குத் தெரியாது.

யூஎஸ்பி-சி துளையையும் சோதித்துவிடுங்கள். சில மடிக்கணினிகளில் அதன் டிஸ்ப்ளேபோர்ட் வழி இன்டெல்லோடு இணைந்திருக்கும். அப்படியிருந்தால், மானிட்டரை அங்கே மாற்றியவுடன் விதி எதுவும் எழுதாமலேயே பிரச்சினை தீர்ந்துவிடும்.

திருப்பூர்_பிரிண்ட்

என் கணினியில் யூஎஸ்பி-சி வழியாகப் படம் வரவில்லை. அது தரவுக்கு மட்டுமான துளை போலும். ஆகவே டேக் விதியை எழுதினேன். மானிட்டரில் திணறல் முற்றிலும் நின்றுவிட்டது. இப்போது மடிக்கணினித் திரைக்குத்தான் படியெடுத்து அனுப்ப வேண்டியிருக்கிறது என்றாலும், அது 1080பி என்பதாலோ என்னவோ வேறுபாடு தெரியவில்லை.

இன்னும் ஒன்று மிஞ்சியிருக்கிறது. ஜிம்ப் 2.10-ஐத் திறந்தால் சாளரம் அவ்வப்போது மினுக்குகிறது. சில நேரம் தூரிகையால் போட்ட கோடு தோன்றி, மறைந்து, மறுபடி தோன்றுகிறது. இங்க்ஸ்கேப்பில் இப்படி இல்லை.

பீளமேடு_கர்னல்

இங்க்ஸ்கேப், சாளரங்களை வரையும் ஜிடிகே தொகுப்பின் 3-ஆம் பதிப்பில் கட்டப்பட்டதால் வேலண்டோடு நேரடியாகப் பேசுகிறது. ஜிம்ப் 2.10 இன்னும் ஜிடிகே 2-ஐச் சார்ந்தது. அதற்கு எக்ஸ்ஆர்கின் மொழியான எக்ஸ் மட்டுமே தெரியும். ஆகவே எக்ஸ்வேலண்ட் என்ற இடைத்தரகர் வழியாக ஓடுகிறது. படம் வரைந்து முடிந்ததா என்பதை இன்டெல், ஏஎம்டி டிரைவர்களில் கர்னலே மறைமுகமாகப் பார்த்துக்கொள்ளும். என்விடியாவில் அந்த வழி இல்லாததால், வரைந்து முடியாத சட்டகம் திரைக்குப் போய்விடுகிறது. நீங்கள் காணும் மினுக்கல் அதுதான். 'முடிந்தது' என்று வெளிப்படையாகச் சொல்லும் ஒத்திசைவு நெறிமுறை 2024-இல் வந்தது; அதற்கு டிரைவர் 555 வரிசையும், மட்டர் 46.1-உம், எக்ஸ்வேலண்ட் 24.1-உம் சேர்ந்திருக்க வேண்டும். 24.04-இல் உள்ள எக்ஸ்வேலண்ட் 23.2 வரிசையைச் சேர்ந்தது. டிரைவரை மட்டும் ஏற்றினால் போதாது என்பது இதனால்தான்.

2025 மார்ச்சில் வெளியான ஜிம்ப் 3.0 ஜிடிகே 3-க்கு மாறிவிட்டது. அதை, தனக்கு வேண்டியவற்றைத் தன்னோடே கொண்டுவரும் ஃபிளாட்பேக் தொகுப்பாக நிறுவினால் இடைத்தரகர் தேவைப்படாது. என்விடியா டிரைவரின் பதிப்புக்கு ஒத்த ஃபிளாட்பேக் துணைத்தொகுப்பும் கூடவே நிறுவப்பட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிரைவரைப் புதுப்பித்துவிட்டு இதை மறந்தால் செயலி கிராஃபிக்ஸ் முடுக்கமின்றி மெதுவாக ஓடும்.

மானிட்டரை வண்ண அளவுத்திருத்தம் செய்யும் கருவி உங்களிடம் இருந்தால், அந்த வேலையை மட்டும் இப்போதைக்கு எக்ஸ்ஆர்க் அமர்வில் செய்யுங்கள். வண்ண மேலாண்மைக்கான வேலண்ட் நெறிமுறை 2025 தொடக்கத்தில்தான் ஏற்கப்பட்டது, 24.04-இல் அதை எதிர்பார்க்க முடியாது.

கரூர்_தறி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்விடியா ஜிடி 740எம் உள்ள பழைய மடிக்கணினி என்னிடம் இருக்கிறது. தானியங்கி உள்நுழைவு வைத்திருப்பதால் பல்சக்கரமே தெரிவதில்லை. 470 டிரைவர் நிறுவியிருக்கிறேன். மேலே சொன்னவை எனக்கும் பொருந்துமா?

பீளமேடு_கர்னல்

பொருந்தாதுங்க. அது கெப்ளர் தலைமுறை. 470-தான் அதற்கான கடைசி வரிசை, அதில் ஜிபிஎம் இல்லை. அந்த டிரைவரோடு எக்ஸ்ஆர்கிலேயே இருப்பது நல்லது. அல்லது அதை நீக்கிவிட்டு, இன்டெல்லும் நூவோவும் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால் வேலண்ட் தானாகவே வரும். தானியங்கி உள்நுழைவில், கடைசியாகத் தேர்ந்தெடுத்த அமர்வே திறக்கும். அந்த நினைவு வார் கோப்புறையில் லிப் என்பதன் கீழ் அக்கவுண்ட்ஸ் சர்வீஸின் பயனர் கோப்பில் இருக்கிறது. ஒருமுறை வெளியேறினால் உள்நுழைவுத் திரை வரும். அங்கே தேர்ந்தெடுத்தால் அந்தக் கோப்பு மாறிவிடும்.

ஈரோடு_பழுதகம்

ஒரு வேண்டுகோள். எக்ஸ்ஆர்கிலேயே இருந்துகொள்ளலாம் என்று கோபி ஐயா சொன்னதை நானும் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் உபுண்டு 25.10-இல் குனோமின் எக்ஸ் அமர்வே இல்லை. குனோம் 49 அதை இயல்பாகவே அணைத்துவிட்டது. கேடிஇயும் பிளாஸ்மா 6.8 முதல் வேலண்ட் மட்டுமே என்று அறிவித்திருக்கிறது. லினக்ஸ் மின்ட்டின் சினமன்தான் இன்னும் எக்ஸை முதன்மையாக வைத்துக்கொண்டு, வேலண்டைச் சோதனை நிலையில் தருகிறது. 24.04-இன் வழக்கமான ஆதரவு 2029 வரை உண்டு. அதில் இருப்பவர்களுக்கு அவசரமில்லை. ஆனால் அதற்கு மேல் ஏறுகிறவர்களுக்குப் பின்வாங்கிப் போக இடமிருக்காது. கல்லூரி மடிக்கணினிகள் அனைத்தையும் ஒரே நாளில் மேம்படுத்தாமல், ஒன்றை மட்டும் மாற்றி அந்தக் கூடத்துப் புரொஜெக்டரில் சோதித்துப் பாருங்கள் ஐயா.

கோபி_இயற்பியல்

ஏற்கிறேன். 'ஆன் டிமாண்ட்' நிலையில் ஒரு மடிக்கணினியை வேலண்டுக்கு மாற்றி, அடுத்த கருத்தரங்குக்கு முன் கூடத்தில் வைத்துப் பார்க்கிறேன். திருப்பூர் நண்பர் மானிட்டர் இல்லாமல் வெளியே செல்லும்போது பேட்டரி எவ்வளவு குறைகிறது என்று எழுதினால் எங்களுக்கும் உதவும்.

திருப்பூர்_பிரிண்ட்

ஜிம்ப் 3-ஐ ஃபிளாட்பேக்கில் நிறுவினேன், மினுக்கல் இல்லை. வண்ணத்திருத்தக் கருவியை இரவல் வாங்கி எக்ஸ்ஆர்க் அமர்வில் ஓட்டி முடித்துவிட்டு, வேலண்டுக்குத் திரும்பிவிட்டேன்.

கோபி ஐயாவுக்கு: மாதிரி காட்டுவதற்காக மானிட்டரைக் கழற்றிக்கொண்டு கோவைக்குப் போனபோது, 'ரன்டைம் ஸ்டேட்டஸ்' முழு நேரமும் 'ஆக்டிவ்' என்றே இருந்தது, மின்விசிறி நிற்கவில்லை, பேட்டரியும் வழக்கத்தைவிட விரைவாகவே இறங்கியது. அடுத்த முறை கிளம்பும் முன் டேக் விதிக் கோப்பை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு மறுபடி தொடங்கினேன். இன்டெல் முதன்மையானது, சற்று நேரத்தில் 'சஸ்பெண்டட்' என்று வந்துவிட்டது. இதற்காகக் கோப்பை நகர்த்தும் சிறிய ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி, மேசைக்கு ஒன்று, பயணத்துக்கு ஒன்று என இரண்டு குறுக்குவழிச் சின்னங்களை வைத்திருக்கிறேன். வெறுமனே வெளியேறி உள்நுழைந்தால் மாற்றம் பிடிப்பதில்லை. கணினியையே மறுபடி தொடங்க வேண்டியிருக்கிறது. ஸ்கிரிப்ட் வேண்டுவோர் கேளுங்கள், பிசிஐ முகவரியை மட்டும் உங்கள் கணினிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.